திருமூர்த்தி தோப்பு

திருமூர்த்தி தோப்புங்களா? போனைக் கொஞ்சம் இப்பிடிக் காட்டுங்க. ஆமா, அதேதான். மேப்புல பச்சையா ஒரு மரப்படம் வேற போட்டு வச்சிருக்கறானுங்க. கண்டக்டரைக் கேக்காதீங்க தம்பி, அவருக்குத் தெரியாது. பர்லியார் தாண்டிக் கொஞ்ச தூரத்துல ஒரு வளைவு வரும். நானும் அங்கதான் எறங்கறேன், கூடவே எறங்கிக்கங்க. அந்த மடக்கு ஸ்டூலை சீட்டுக்கு அடியில தள்ளுங்க, இல்லாட்டி கொண்டை ஊசி வளைவுல உருண்டு டிரைவர்கிட்டப் போயிரும். என்ற பையை மட்டும் தொடாதீங்க. உள்ள ரம்பம் இருக்குது.

பயந்துக்காதீங்க, மரத்துக்குத்தானுங்க.

அந்தத் திருமூர்த்தி நாந்தான். மேட்டுப்பாளையத்துல ஸ்டுடியோ வச்சிருக்கறேன். கண்ணாலம், காதுகுத்து, பாஸ்போர்ட் சைசு, எல்லாம் எடுக்கறது. தோப்புன்னு போட்டிருக்கறதைப் பாத்து, ஆரோ நல்ல மனுசன் மரம் வச்சிருக்கறான்னு நெனைச்சிருப்பீங்க. ஊரே அப்பிடித்தான் நெனைக்குது. நான் தோப்பு வைக்கோணும்னு வைக்கலீங்க. என்ற மச்சினன் கண்ணை மறைக்கறதுக்கு வச்சேன்.

மச்சினன்னா பொண்டாட்டிக்குத் தம்பி. பேரு பூபதி. கோயமுத்தூர்ல பம்புசெட்டுக் கடை. ஆளு குள்ளம், வாயி நீளம்.

நீங்க மலை ரயில் எடுக்கறது இதுதான் மொதல் தடவையா? அப்பச் சொல்றேன் கேளுங்க. எல்லா ரயிலுக்கும் எஞ்சின் முன்னால போகும். நம்ம ரயிலு மலை ஏறும்போது எஞ்சின் பின்னால நின்னு தள்ளும். இது தெரியாம வர்றவங்கதான் நெறையா. வளைவுல போயி நின்னுக்குவாங்க, கேமராவைக் கண்ணுல வச்சுக்குவாங்க, சத்தம் வருது வருதும்பாங்க. மொதல்ல வர்றது பெட்டி. பெட்டி மொகப்புல பிரேக்குக்காரரு கொடி புடிச்சுட்டு நிப்பாரு. அவரு மூஞ்சியை எடுத்துட்டு வீட்டுக்குப் போகோணும். எஞ்சின் பக்கத்துல வந்தாப் பொறவு படம் ஏது, கண்ணு நெறையக் கரிதான்.

நானும் அப்பிடித்தான் ஆரம்பத்துல எடுத்தேன். ஆல்பம் நெறைய பிரேக்குக்காரருங்க. அதுல ஒருத்தரு கடைக்கே வந்துட்டாரு. "ஏனுங்க, எனக்குப் பொண்ணு பாக்கறாங்க, நீங்க எடுத்ததுல ஒண்ணு குடுங்க"ன்னாரு. குடுத்தேன். கண்ணாலமும் ஆயிருச்சு. எனக்கு மட்டும் எஞ்சின் கெடைக்கலை.

எனக்கு வேண்டியது என்னன்னா, ரயிலு பூராவும் ஒரே படத்துல வரோணும். ரயிலு நல்லா வளையோணும், வளைஞ்சாத்தான் பின்னால இருக்கற எஞ்சின் தன்னைக் காட்டும். கீழ பாலம் இருக்கோணும். காலை வெயிலு எஞ்சின் மேல பக்கவாட்டுல விழோணும். பின்னால மலை கருப்பா இருக்கோணும், வெள்ளை ஆவி அப்பத்தான் எடுப்பாத் தெரியும். இத்தனையும் ஒரே எடத்துல வேணும்னு தேடுனா கெடைக்குமா? தண்டவாளத்துல நடக்கப்படாது, புடிச்சாத் தண்டம் போடுவாங்க, அதுல நியாயமும் இருக்குது. தோட்டம் தோட்டமா உள்ள பூந்து, எதுக்கால மலையில ஏறி எறங்கித்தான் பாக்கோணும். அட்டை கடிச்சுது. தேனீ கொட்டுச்சு. ஒருக்கா யானையைப் பாத்துப்போட்டு பாறை மேல ஏறி உக்காந்தவன் வெயில் சாயற வரைக்கும் எறங்கலை. ஒருக்கா வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிஞ்சுது. கண்ணால சீசன்லீங்க! கட்டுப்போட்ட கையோட பொண்ணு மாப்பிள்ளையை எடுத்தேன். எல்லாப் படத்துலயும் மாப்பிள்ளை சாஞ்சு நிக்கறாரு.

கடைசியில கெடைச்சுது. கிட்டுசாமின்னு ஒருத்தரு பாக்குத் தோட்டம் வச்சிருக்கறாரு. அவரு எல்லையில ஒரு பாறை. எஞ்சின் தண்ணி புடிக்க நிக்கற எடத்துக்குச் சித்த மேல. தண்ணி குடிச்சுப்போட்டுக் கெளம்பறப்ப ஒரு ஆவி விடுது பாருங்க, அடிவயித்துல இருந்து விடும். பாலம், வளைவு, வெயிலு, கருப்பு மலை எல்லாம் அங்க இருக்குது. நான் அந்தப் பாறையில நின்னு அழுதேனுங்க. சும்மா சொல்லலை, அழுதேன்.

ஆருகிட்டயும் சொல்லலை. வசந்தாமணிகிட்டக்கூடச் சொல்லலை. வசந்தாமணிங்கறது என்ற ஊட்டுக்காரி. ஒரே ஒருத்தனைக் கூட்டிட்டுப் போனேன். அவதான், "என்ற தம்பி புதுக் கேமரா வாங்கியிருக்கறான், நீங்கதானே சொல்லித் தரோணும்"னா. நம்ம மச்சினன்தானேன்னு கூட்டிட்டுப் போனேன். பாறைக்குப் போறதுக்கு முந்தி நின்னு சொன்னேன். "மாப்ள, இந்த எடம் நமக்குள்ளயே இருக்கோணும்." கேமரா மேல கையை வச்சுச் சத்தியம் பண்ணுனான். "மச்சான், எங்கக்கா மேல ஆணை"ன்னும் சொன்னான். நான் அவ்வளவெல்லாம் கேக்கவே இல்லை, அவனாச் சொன்னான்.

அடுத்த தை மாசம் கடையில இருந்து சாப்பாட்டுக்குப் போறேன். கூடத்துல புதுக் காலண்டர் தொங்குது. திருப்பூர்ல ஏதோ ஒரு பனியன் கம்பெனிக் காலண்டர். என்ற பாறை. என்ற பாலம். என்ற வளைவு. ஆவி அப்பிடியே பூவா விரிஞ்சு நிக்குது. கீழ சின்ன எழுத்துல பூபதின்னு போட்டிருக்குது. வசந்தாமணி சொல்றா, "தம்பி எடுத்ததுங்க, நல்லாருக்குதில்ல?" சோறு எறங்குமா எனக்கு?

நான் ஒரு கண்ணாலத்துல சாப்பாட்டுப் பந்தியைப் படம் புடிச்சுட்டு இருந்த நாளு பாத்து, தனியாப் போயி எடுத்திருக்கறான். சரி, எடுத்தான். அத்தோட வுட்டானா? மேப்புல என்ற பாறைக்குப் பேரு வச்சுப்போட்டான். பூபதி பாயிண்ட். அப்பறமென்ன, சனி ஞாயிறு ஆனாக் கூட்டம். பிஸ்கட் காயிதம், தண்ணி பாட்டலு. கிட்டுசாமி வேலி போடலாமான்னு என்றகிட்டக் கேட்டாரு.

நீங்க கேக்கறது புரியுது. நான் அங்க எடுத்த படம் எங்கேன்னுதானே? இருக்குது, ஊட்டுல பெட்டி நெறைய இருக்குது. அந்தக் காலண்டர் மாதிரி ஒண்ணு வரலை. அவன் கேமரா அப்பிடி, காசு. வேறொண்ணுமில்லை.

போன் போட்டுக் கேட்டேன். "சத்தியம் என்னாச்சு மாப்ள?" அவன் சிரிக்கறான். "ஏன் மச்சான், பாறைக்குப் பட்டா வாங்கி வச்சிருக்கறீங்களா?"ன்னான். பட்டா! மணிக்கட்டை முறிச்சுட்டு எடம் தேடுனவனைப் பாத்துப் பட்டாவான்னு கேக்கறான். அன்னைக்குப் போனை வச்சவன்தான். அவன் ஊட்டு விசேசத்துக்குப் போகலை, அவன் வந்தா நான் கடையில இருந்து எந்திரிக்கலை. வசந்தாமணி ரெண்டு பக்கமும் அழுதா. அவ அழுதா எனக்கு என்ன, என்ற எடம் போச்சே.

மொதல்ல சின்னச் சின்னதாத்தான் பண்ணுனேன். ஸ்டுடியோவுக்கு வந்து ஆராச்சும் பூபதி பாயிண்டுக்கு வழி கேட்டா, அட்டைக் காட்டுப் பக்கம் தாட்டி வுட்டுருவேன். ரத்தம் வழிய வந்து, "அண்ணா, ரயிலே தெரியலீங்களே"ம்பாங்க. "இன்னைக்கு ரயிலு லேட்டு"ம்பேன். ஆனா அதுல திருப்தி வரலைங்க. கடிபடறவன் பூபதி இல்லையே.

அப்பத்தான் ஒரு நாளு கிட்டுசாமி தோட்டத்துல உக்காந்திருக்கறேன், இந்தப் பாறைக்கு முன்னால ஒரு மரம் நின்னா எப்பிடியிருக்கும்னு தோணுச்சு. தோணுன ஒடனே ஒடம்பெல்லாம் குளுந்து போச்சு. வெட்டுனாப் பாவம், குத்துனாப் போலீசு. மரம் வச்சா ஆரு கேப்பாங்க?

நேரா நர்சரிக்குப் போனேன். அங்க இருந்த அம்மிணிகிட்ட, "சீக்கிரமா, ஒசரமா, அடைசலா வளர்றது எது?"ன்னேன். "இது ஆப்பிரிக்காக்காரனுங்க, பேயாட்ட வளரும்"னா. எலை நல்லாப் பெருசு. சந்தோசமா எடுத்துட்டு வந்தேன். வேறொண்ணும் கேக்கலை. அந்த அம்மிணியும் வேறொண்ணும் சொல்லலை. அதுதான் வினையாப் போச்சு.

பாறைக்குக் கீழ, பாலத்தை மறைக்கற மாதிரி வரிசை பாத்து நட்டேன். கேமராவுல பாத்துப் பாத்து நட்டேனுங்க. இந்தக் கன்னு எஞ்சினுக்கு, இந்தக் கன்னு பாலத்துக்கு, இந்தக் கன்னு ஆவி வர்ற எடத்துக்குன்னு. கிட்டுசாமிக்கு நெம்ப சந்தோசம், மண்ணு சரியாம நிக்கும்னாரு. கோடையில ஓடையில இருந்து கொடத்துல தண்ணி தூக்கிட்டு மேல ஏறுவேன். தொழுவொரம் போட்டேன். யானை ஒண்ணை முறிச்சுப்போட்டுது, மறுபடியும் வச்சு முள்ளுக் கட்டுனேன். என்ற புள்ளைக்குக்கூட அப்பிடிப் பாத்ததில்லை. ஒவ்வொண்ணுக்கும் ஊத்தறப்ப "மறைடா, மறைடா"ன்னு சொல்லித்தான் ஊத்துவேன். கிட்டுசாமி நான் என்னமோ மந்திரம் சொல்றேன்னு நெனைச்சுட்டு செருப்பைக் கழட்டிப்போட்டு நிப்பாரு.

இதுல கூத்து என்னன்னா, ஊர்ல மரம் வளர்க்கற சங்கம்னு ஒண்ணு இருக்குது. அவங்களுக்கு எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு. கூட்டம் போட்டு எனக்குப் பொன்னாடை போத்துனாங்க. "தன்னலம் பாராத பெருந்தகை"ன்னு மைக்குல பேசறாங்க. நான் கும்பிட்டுட்டு நிக்கறேன், மனசுக்குள்ள பூபதி மூஞ்சிதான் தெரியுது. மரம் வளந்து, அவன் பாறையில வந்து நின்னு, கேமராவை எடுத்து, எலையைப் பாத்து முழிக்கற மூஞ்சி. அந்த மூஞ்சியை எடுக்கோணும்னே ஒரு நல்ல லென்ஸ் வாங்குனேன்.

இப்பிடி இருக்கறப்ப எம்பொண்ணு மேகலாவுக்குக் கண்ணாலம் கூடி வந்துது. நம்ம பக்கத்துல தாய்மாமன் இல்லாமக் கண்ணாலம் உண்டுங்களா? சீரு கொண்டு வரோணும், நெத்தியில பட்டம் கட்டோணும், எல்லாம் அவன்தான். நான் சொல்லிப்போட்டேன், மேப்புல அந்தப் பேரை எடுக்காம அவன் மண்டபத்துல கால் வைக்கப்படாதுன்னு. வசந்தாமணி அன்னைக்குத்தான் அழுகலை. "என்ற தம்பி வராம எம்பொண்ணு மணவறையில ஏறமாட்டா. நீங்க உங்க பாறையைக் கூட்டிட்டு வந்து தாரை வாத்துக் குடுங்க"ன்னா. மேகலா பக்கத்துல நின்னுட்டு இருந்தா. புள்ளை மூஞ்சியைப் பாத்தேன். சரி வரட்டும்னேன். மரம் இருக்குது, அது பாத்துக்கும்னு ஒரு தைரியம்.

வந்தான். சீருத்தட்டு வரிசையா வந்துது, ஒண்ணும் குறை சொல்ல முடியாது. பட்டம் கட்டுனான். அது முடிஞ்சதும் வெளிய போயி, துணி சுத்துன ஒரு பெரிய சட்டத்தை ரெண்டு பேரு தூக்கிட்டு வர, முன்னால நடந்து வர்றான். மேடையிலயே வச்சுத் துணியை எடுத்தான்.

என்ற பாறையில இருந்து எடுத்த படமுங்க. கீழ பூராவும் பூவு. அப்பிடி ஒரு செவப்பு நீங்க பாத்திருக்க மாட்டீங்க, தணலாட்ட நிக்குது. அதுக்கு மேல பாலம், பாலத்து மேல நீலமா ரயிலு, கடைசியில எஞ்சின், அதுல இருந்து வெள்ளை வெளேர்னு ஆவி. காலண்டரு படமெல்லாம் அதுகிட்ட நிக்காது. மேளக்காரங்க வாசிக்கறதை நிறுத்திப்போட்டாங்க.

அந்த மரம் பூக்கும்னு எனக்கு எப்பிடிங்க தெரியும்? அந்த நர்சரி அம்மிணி பூவைப் பத்திச் சொல்லவே இல்லையே! அந்த வருசம் பாத்து நான் கண்ணால வேலையில அலைஞ்சுட்டு பாறைப் பக்கம் போகவே இல்லை. அந்தச் சமயத்துல மொத மொதலாப் பூத்திருக்குது. கொப்பெல்லாம் பாறை மட்டத்துக்கு வந்து, மறைக்கறதுக்குக் கொஞ்சம் முன்னால, அளவா நின்னிருக்குது. பாலத்துக்கு, எஞ்சினுக்கு, ஆவிக்குன்னு நான் அளந்து நட்டேன் பாருங்க, அத்தனையும் அவனுக்குச் சட்டம் கட்டுன மாதிரி அமைஞ்சுபோச்சு.

படத்துக்குக் கீழ எழுதியிருக்கறான். "மரம் வளர்த்தவர்: என் மச்சான் திருமூர்த்தி." போனை எடுத்து எல்லாருக்கும் காட்டறான், மேப்புல பேரு திருமூர்த்தி தோப்புன்னு மாறியிருக்குது. அப்பறம் என்ற காதுகிட்ட வந்து சொல்றான், "பாறைக்குத்தான் மச்சான் பட்டா இல்லை. மரம் உங்களுது."

ஒறம்பரை சனமெல்லாம் கை தட்டுறாங்க. சம்பந்தி வந்து என்ற கையைப் புடிச்சுக்கறாரு. நான் என்ன பண்ணறது? சிரிச்சேன். வீடியோவுல பாத்தா நான் அழுகற மாதிரி இருக்குது. சந்தோசத்துலன்னு எல்லாரும் சொல்றாங்க.

வசந்தாமணி சொல்றா, அவன் மன்னிப்புத்தான் கேட்டிருக்கறானாம். மன்னிப்பாங்க இது? எடத்தைக் கண்டுபுடிச்சவன் நான். இன்னைக்கு ஒலகத்துக்கு நான் ஆரு? தண்ணி ஊத்துனவன். அவன் படம் எடுக்கறதுக்கு நான் பாத்தி கட்டிக் குடுத்தவன். இதை விட அவன் என்னை மேடையில வச்சு அறைஞ்சிருக்கலாம்.

வெட்டிப்போடலாம்னு அன்னைக்கே ரம்பம் வாங்கிட்டேன். ஒருக்கா வந்தேன், மொட்டு வுட்டிருந்துச்சு. இன்னொருக்கா வந்தேன், பூத்துப்போச்சு, பூத்த மரத்துல எப்பிடிங்க ரம்பத்தை வைக்கறது? உக்காந்து பாத்துப்போட்டு வந்துட்டேன். அப்பறம் யோசிச்சேன். வெட்டுனா மேப்புல தோப்பு இல்லை, என்ற பேரும் போயிரும். வெட்டாம வுட்டா, இன்னும் வளந்து எல்லாத்தையும் மறைச்சுப்போடும். வர்றவனெல்லாம் எந்தத் திருமூர்த்திடா இதை வச்சான்னு என்ற பேரைச் சொல்லித்தான் திட்டுவான். பாத்தீங்களா, எப்பிடி மாட்டி வுட்டிருக்கறான்னு!

ஆனா எனக்கும் மூளை இருக்குதுங்க. மரத்தை வெட்டப் போறதில்லை. கெளையை மட்டும் வெட்டறேன். என்ற ஒசரத்துக்கு நேரா ஒரு சன்னல். அவ்வளவுதான். நான் நின்னா பாலம், எஞ்சின், ஆவி, சுத்தியும் பூவு, எல்லாம் தெரியும். அவன் நின்னா? குள்ளம்னு சொன்னனில்ல, அவன் கண்ணுக்கு நேரா வெறும் எலைதான். எக்கி எக்கிப் பாக்கோணும். அதை நான் பக்கத்துல நின்னு படம் எடுக்கோணும். இது ஆருக்கும் தெரியாது. வசந்தாமணிகிட்ட மட்டும் நேத்து சொன்னேன். அவ கேட்டுட்டு உள்ள போயிட்டா.

வந்துருச்சுங்க, எந்திரிங்க. ஓரமா நிறுத்துங்கண்ணா, வளைவு! இருங்க தம்பி, ஸ்டூலை நான் எடுத்துத் தர்றேன். நல்ல கனமா இருக்குது, இரும்புங்களா? அதென்ன இது, காலுல பச்சைப் பெயிண்டுல எழுதியிருக்குது...

பூபதி பம்ப்ஸ்.

இது எப்பிடிங்க உங்ககிட்ட வந்துச்சு? அவன் குடுத்தனுப்புனானா? எப்ப? இன்னைக்குக் காலையிலயா? "மச்சான் ரம்பத்தோட இதே பஸ்ஸுலதான் வருவாரு, அவருகிட்டயே வழி கேளுங்க"ன்னானா? அப்பறம்? கூச்சப்படாமச் சொல்லுங்க. "பாறையிலயே வச்சுட்டு வந்துருங்க, எனக்கு வேண்டியிருக்கும்"னானா?

அக்காளும் தம்பியும். ஒரு ராத்திரிக்குள்ள.

நீங்க மொகத்தைத் தூக்கிக்காதீங்க, உங்க மேல கோவமில்லை. எறங்குங்க, எறங்குங்க. இந்தப் பக்கமா வாங்க, அங்க வழுக்கும். பாறைக்கு எடப்பக்கமா நில்லுங்க, வெயிலு தோளுக்குப் பின்னால இருக்கோணும். பெட்டியைப் பாத்தவொடனே அமுக்கிறாதீங்க, எஞ்சின் பாலத்துக்கு வர்ற வரைக்கும் மூச்சைப் புடிச்சுக்கங்க. உங்க படம் முடியட்டும், பொறவு என்ற வேலையை வச்சுக்கறேன். ஸ்டூலை நானே தூக்கிட்டு வர்றேன், குடுக்கமாட்டேன். இது மேல ஏறி நின்னுட்டு இன்னும் மேல வெட்டறேன், சன்னலை இன்னும் மேல வைக்கறேன். ஸ்டூல் போட்டு ஏறுனாலும் அவனுக்கு எட்டப்படாது.

என்னங்க கேட்டீங்க? அத்தனை ஒசரத்துல எனக்குத் தெரியுமான்னா?

எனக்குத் தெரியாட்டிப் போகட்டுமுங்க. அவனுக்குத் தெரியப்படாது.